கிணற்றுக் குழியில் கிடைத்த ஓடு

குலசாமி மேல் ஆணையாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வைகை கடலைத் தேடி மெலிந்து கிடக்கும் மணற்காட்டில், பதநீர்க் கலயங்கள் தொங்கும் பனையடியில் தங்கப்பாண்டி கிணறு தோண்டுகிறான். ஒன்பதடியில் மண் குளிர்ந்துவிட்டது. இன்னும் இரண்டடியில் தண்ணீர். அந்த நேரம் பார்த்துக் கடப்பாரையில் ஓர் ஓடு தட்டுகிறது. அதன் மேல் மூன்று கீறல், ஒரு மீன். சித்திரை வெயில் அந்தக் கீறல்களுக்குள் இறங்கி மஞ்சளாகத் தேங்குகிறது. "சித்தப்பு, பழசா?" என்று குழிக்குள்ளிருந்து நீட்டுகிறான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நான் படிக்கிறேன்: "வடக்கே ஆற்றங்கரை நகரத்துக்கு அனுப்பிய சங்கு வளையல் சிறியதென்று திருப்பிவிட்டார்கள், அங்குள்ள பெண்களின் கை பெருத்தது என் குற்றமா?ன்னு ஒரு யாவாரி எழுதியிருக்கான். நாலாயிரம் வருசத்துப் புலம்பல்லே இது!" அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி இடுப்பில் வெறுங்குடத்தோடு எட்டிப் பார்க்கிறாள். "மூணு கீறல்லயா இம்புட்டும் எழுதியிருக்கு?" "அந்தக் காலத்து ஆளுக சுருக்கமா எழுதுவாக, ஆத்தா." தங்கப்பாண்டி காலடி ஈரத்தைப் பார்க்கிறான், ஓட்டைப் பார்க்கிறான். "சர்க்காருக்குச் சொன்னா வந்து கயிறு கட்டிருவாக. கோடைக்குத் தண்ணிக்கு எங்கன போறது?" என்கிறவன், என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்தாளு பொண்டாட்டிக்காச்சும் வளையல் பொருந்துச்சா, சித்தப்பு?" என்கிறான். பிறகு கடப்பாரையை மேலே எறிந்துவிட்டு, சர்க்காருக்குத் தகவல் சொல்ல ஏறி வருகிறான். காலிக் குடத்தில் காற்று ஊதுகிறது. நான் ஓட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். உள்பக்கத்தில், பதநீர் புளிக்காமலிருக்கப் பூசிய சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.