அண்ணாச்சியின் வாக்கு

"அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. வித்திரலாமா, வச்சிருக்கலாமா?"

விஜயராணி அவ்வளவு பணிவாகக் கேட்டாள். நம்பிராஜன் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"விக்கவே விக்காதிய தங்கச்சி. பக்காவா இன்னும் ஏறும்."

சொல்லிவிட்டு அவர் டூட்டிக்குக் கிளம்பியதுதான் தாமதம், நான்கு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணாச்சி வாக்கு வந்துட்டு. வித்துரு!"

தாராவியில் கோமதியம்மாள் வீட்டில் மாதாமாதம் கூடும் ஷேர் கிளப் அது. வாங்குவதில் தகராறே வராது. எப்போது விற்பது என்பதில்தான் மண்டை உடையும். ஆரம்பத்தில் கோமதியம்மாளின் வீட்டுக்காரர் நம்பிராஜன் பேச்சைக் கேட்டு இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டார்கள். அப்புறம் அவர் சொல்வதற்கு நேர்மாறாகச் செய்ய ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தப்பியதில்லை!

"அரே, டிவியிலயும் ஏறும்னுதான சொல்லுதான்?" என்று விஜயராணி இழுத்தாள். "என் பங்கை வச்சுத்தான் ஷாலினிக்கு நர்சிங் காலேஜ் பீஸ் கட்டணும். தப்பாப் போனா பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு."

"டிவிய விடுட்டீ. அண்ணாச்சி என்னைக்குச் சரியாச் சொல்லியிருக்காரு?" என்றாள் இன்னொருத்தி.

மறுபடியும் சிரிப்பு. கோமதியம்மாளும் கூடச் சிரித்து வைத்தாள். கட்டின புருஷனை இப்படிக் கேலிப்பொருளாக்கிவிட்டோமே என்று மனசு கூசியது. மறுநாள் காலையில் விற்றுவிட்டார்கள்.

பத்தே நாளில் அந்த ஷேர் பாதி விலைக்கு வந்து நின்றது. பீஸ் கட்டிய கையோடு விஜயராணி பேடா டப்பாவுடன் வந்தாள்.

"எல்லாம் உங்க வாக்குதான் அண்ணாச்சி!" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனாள்.

கோமதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, கோவப்படாதிய. நாங்க உங்க பேச்சக் கேக்கதே இல்ல. நீங்க சொன்னதுக்கு மாத்தித்தான் எப்பவும் செய்யுதோம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வேற செய்வோம்." அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நம்பிராஜன் ஒரு பேடாவை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"தெரியும் பிள்ள. நைட் டூட்டி முடிஞ்சு மாடியில படுத்திருக்க நாள்ல கீழ சிரிக்கது எனக்குக் கேக்காதா? மொத ரெண்டு தடவ நெசமாவே தப்பாத்தான் சொன்னேன். பொறவு ரோஷம் வந்து, உக்காந்து படிச்சுல்லா கத்துக்கிட்டேன்."

"அப்ப, இந்த ஷேர் இறங்கும்னு உங்களுக்குத் தெரியுமா? பின்ன ஏன் விக்காதியன்னு சொன்னிய?"

"விக்கச் சொல்லியிருந்தா, உங்கள்ல ஒருத்தியாவது வித்திருப்பியளாக்கும்?"