நான்காவது வரியில் ஒரு மிதி
ஜன்னல் வெயில் தையல் மெஷினின் சக்கரத்தில் ஏறி இறங்குகிறது. மதியம் ஆங்கிலப் பரீட்சைக்குப் போகவேண்டிய நாத்தனார், நோட்டில் எழுதிவைத்த கவிதையை உரக்கப் படிக்கிறாள். வரிக்கு ஐந்து சீர், சீருக்கு மெல்ல ஓர் அசை, அழுத்தி ஓர் அசை என்று பாடம் சொல்கிறது. அவள் காதுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் அண்ணி தலையணை உறை தைக்கிறாள். குதிகால் மெல்ல, முன்பாதம் அழுத்தி, அவளுடைய மிதி எப்போதோ கவிதையோடு சேர்ந்துவிட்டது. இரண்டிரண்டு வரியாக முடிவில் ஒரே ஓசை வரும்போதெல்லாம் துணியை மடக்கித் திருப்புகிறாள். நான்காவது வரியில் கால் அப்படியே நிற்கிறது. “இங்க ஒரு மிதி குறையுதே.” “உங்களுக்குத்தான் இங்கிலீஷே தெரியாதே அண்ணி.” “தெரியாதுதான். நீ புஸ்தகத்தப் பாத்துட்டு அப்புறம் பேசு.” நாத்தனார் சலித்துக்கொண்டே புத்தகத்தைப் புரட்டுகிறாள். நோட்டில் எழுதும்போது விட்டுப்போன ஈரசைச் சொல் ஒன்று அந்த வரியின் நடுவில் சாவதானமாக உட்கார்ந்திருக்கிறது. அவள் பென்சிலால் அதை நுழைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள். இப்போது அவள் கண் நோட்டில் இல்லை, அண்ணியின் பாதத்தில் இருக்கிறது.