எப்போது விழுந்தார்

“ரத்தம் திரும்பவும் கட்டுமா, டொக்டர்?”

மர்ஷூதா மறுபடியும் அதையே கேட்டாள். கட்டிலில் அவள் புருஷன் மீராசாஹிபு மல்லாந்து கிடந்தார். மண்டையில் துளையிட்டுச் சொருகிய குழாயில் கறுத்த ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவள் கட்டிலை விட்டு எட்டி நின்றாள்.

டொக்டர் கிருஷாந்தனுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “வயசு போயிட்டு. ரத்தம் இளக்கிற குளிசையும் எடுத்திருக்கிறார். அப்பிடியான ஆக்களுக்குத் திரும்ப வரலாம். ஆனா இவர் நல்லாத் தேறிட்டார் அம்மா. பயப்படாதீங்க.”

அவள் தலை குனிந்துகொண்டாள்.

மீராசாஹிபுவைக் ‘காக்கா’ என்று அழைக்கும் அவர் தம்பி முபீன் முன்னால் வந்தான். “ஒரு சிக்கல் டொக்டர். போன மாசம் காக்கா இவவுக்கு மூணு தலாக்கும் சொல்லிட்டார். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கு. அவங்க இருந்த வீடு மச்சிக்கு, இவவுக்கு, சீதனமாக் குடுத்த வீடு. அதால அண்டைக்கே எங்கட வீட்ட வந்துட்டார். எங்கயோ விழுந்து நெத்தி வீங்கியிருந்திச்சி. பிறகு நாளுக்கு நாள் மறதி. பின்னேரம் அஸரைத் தொழுதுட்டுத் திரும்பவும் அஸரையே தொழுவார். ஜின் எண்டு நினைச்சித் தண்ணி ஓதிக் குடுத்தம்.”

“ஜின் ஸ்கேனில தெரியாது. ரத்தம் தெரியும். இன்னும் ஒரு கிழமை சுணங்கியிருந்தா உயிரில்லாத மையத்தாத்தான் கொண்டு போயிருப்பீங்க.”

முபீன் சிரித்துச் சமாளித்தான். “இப்ப தலாக் விசாரிக்கிற காதியார் ஒண்டத்தான் கேக்கார். சுயபுத்தியோட சொல்லியிருந்தா தலாக் செல்லும். இல்லாட்டி செல்லாது, மச்சி பழையபடி காக்காவோட இருக்கலாம். எனக்கும் நிம்மதி. இனியும் அவர வெச்சிப் பாத்தா என்ட பொண்டாட்டி எனக்குத் தலாக் சொல்லிடுவா.”

பேசியதெல்லாம் மர்ஷூதாவைப் பற்றி. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

டொக்டர் யோசித்தார். “விழுந்து தலை அடிபட்ட பிறகு சொன்னதெண்டா, தெளிவில சொன்னதெண்டு நான் சொல்ல மாட்டன்.”

“விழுறதுக்கு முதல் சொன்னதெண்டா?”

“அப்ப சுயபுத்தியோட கதைச்சது அவர்தான்.”

மீராசாஹிபு கண்ணைத் திறந்தார். “எவ்வளவு நேரம் தண்ணி கேக்கன்? செவிடாடி நீ?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முபீனின் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ். எங்கட பழைய காக்கா வந்துட்டார்.”

மர்ஷூதா பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். தண்ணீரை முபீன்தான் எடுத்துக் கொடுத்தான்.

“எப்ப விழுந்த எண்டு அவருக்கு ஞாபகமில்ல. மச்சிக்கு மட்டும்தான் தெரியும்,” என்றபடி அவள் பக்கம் திரும்பினான். “சொல்லுங்க மச்சி. விழுந்த பிறகுதானே அந்த வார்த்தையச் சொன்னார்? உங்கட வாழ்க்க இப்ப உங்கட வாயிலதான் இருக்கு.”

டொக்டரும் தலையசைத்துத் தைரியம் கொடுத்தார். அவள் சொல்லப்போகும் ஒரு ‘ஓம்’முக்காக இருவரும் காத்து நின்றார்கள்.

மர்ஷூதா தலையை நிமிர்த்தினாள்.

“தலாக்கச் சொல்லிட்டு எனக்கு அடிக்க வரக்குள்ளதான் விழுந்தார், டொக்டர்.”