விரல் பொய் சொல்லாது

இந்த வெயிலில் சேல்ஸ்மேன் ஜெயப்பிரகாஷ் எதற்குக் கையுறையோடு மூன்று சாம்பிள் கொண்டுவந்திருக்கிறான் என்று ஆம்பூர்த் தோல் ஃபாக்டரி முதலாளி ஃபயாஸ் பாய்க்குப் புரியவில்லை.

"தொடாதீங்க பாய். விவரம் நான் சொல்றேன்."

"இன்னாப்பா, சரக்கைத் தொடாம வாங்குவாங்களா? தோல் வாங்குற ஜெர்மன்காரனே என் விரலைத்தான் நம்புறான்."

ஆட்கள் எல்லாரும் பார்க்க, மூன்று துண்டுகளையும் தடவினார். போதாதென்று கன்னத்திலும் தேய்த்தார்.

"இதான் ஜாஸ்தி சாஃப்ட். இதையே போட்டுடு."

சூடு வெளியேறாமலிருக்கப் பாய்லர் குழாயில் சுற்றும் கண்ணாடி இழையை இதுவரை யாரும் கன்னத்தில் தேய்த்து வாங்கியதில்லை.

அதற்குள் பாயின் கன்னம் தீயாய் எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. ஆட்கள் முன்னால் மானம் போகலாமா?

"பார்த்தியா?" என்றார், சொறிந்துகொண்டே. "உள்ள இருக்கிற சூடு வெளியவே போவல. நல்ல சரக்குதான்!"