ராஜா பொம்மைக்குச் சிரிப்பு வரவில்லை

"சிரிப்பு மட்டும் போதும், வத்சலாக்கா. வசனமெல்லாம் சார் பேசிட்டாரு."

ஹெட்போனில் டைரக்டரின் குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கும்பிடுவதுபோல் கையையும் வைத்துக்கொண்டான். மரியாதையாகவே கழுத்தை அறுக்கிற ரகம்.

அவள் வளையல்களைக் கழற்றினாள். டப்பிங் அறைக்குள் வளையல் கூடாது. மைக் எல்லாவற்றையும் கேட்டுவிடும்.

திரையில் ராஜா பொம்மை நின்றது.

அடி உருண்ட தஞ்சாவூர்ப் பொம்மை. பாதி வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் இருக்குமே, அதுதான். இப்போது அதை வைத்து ஒரு கார்ட்டூன் படம். முழுப் பரீட்சை லீவுக்கு வரப்போகிறது.

அந்தப் பொம்மைக்கு முதலில் பேசியது அவள்.

முழுப் படமும் பேசினாள். அவள் பேசிய பிறகுதான் பொம்மைக்கு வாயே வரைந்தார்கள். கன்னத்தை உப்பிக்கொண்டு அவள் பேசுவதை வீடியோ எடுத்துப்போய், பொம்மைக்கும் அதே கன்னத்தை வைத்தார்கள்.

பிறகு படம் விற்க வேண்டாமா? ஹீரோ வந்தார். போஸ்டரில் பொம்மையைவிட அவர் முகம் பெரிது.

ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று அவள் குரலை அழித்துவிட்டார்கள்.

ஹீரோ எல்லாவற்றையும் பேசினார். குரலை மெஷினில் போட்டுப் பொடிசாக்கிக்கொண்டார்கள். சிரிப்பு மட்டும் சரிப்படவில்லை. அவர் சிரித்தால் அவர்தான் சிரித்தார். பொம்மை உம்மென்று நின்றது.

அதனால்தான் இன்றைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பேரு போடுவீங்களா?"

"நன்றின்னு கடைசியில ஒரு கார்டு வரும்க்கா. அதுல சேத்துடலாம்."

கேட்டரிங்காரர் பெயரும் அதில்தான் வரும்.

அவளுக்கு அழுகையெல்லாம் இல்லை. சுத்தமான கோபம். என் கன்னம், என் வாய், அதற்குள் அந்த ஹீரோ பேச்சு. சிரிப்புக்கு மட்டும் நானா?

"போடு ஆரோக்கியம்," என்றாள்.

சவுண்ட் இன்ஜினியர் ஆரோக்கியம் தலையாட்டினார். அவள் குரலைப் பதிவு செய்ததும் அவர்தான். சொன்னபடி அழித்ததும் அவர்தான். அவள் வந்ததிலிருந்து அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது.

திரையில் ஒரு முரட்டுப் பையன் பொம்மையைத் தள்ளினான்.

பொம்மை தரை வரை சாய்ந்தது.

நிமிர்ந்தது.

அவள் சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே பேசினாள். "தள்ளு! இன்னும் தள்ளு! ஒன்னால முடிஞ்ச மட்டும் தள்ளுடா!"

சொல் முடிவதற்குள் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்தது. எது பேச்சு, எது சிரிப்பு என்று அவளுக்கே தெரியவில்லை. எங்கே கத்திரி வைத்தாலும் இரண்டும் அறுபடும்.

அப்படி அறுபடத்தான் அவளும் பேசினாள்.

திரையில் பொம்மையின் கன்னம் குலுங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீ கொண்டுவந்தவர் தம்ளரோடு நின்று சிரித்தார்.

டைரக்டர் சிரிக்கவில்லை.

"அக்கா, சிரிப்பு மட்டும்னு சொன்னேனே."

"அது இப்படித்தாங்க சிரிக்கும்."

"இன்னொரு டேக் போலாம்க்கா. வசனம் வேணாம்."

"வசனம் இல்லாம எனக்குச் சிரிப்பு வராது. வேற யாரையாச்சும் கூப்பிட்டுக்குங்க."

சொல்லிவிட்டாள். இனி இந்த ஸ்டூடியோ பக்கமே கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாவிட்டால் போகட்டும்.

டைரக்டர் திரும்பினான். "அண்ணே, இதுலேருந்து சிரிப்பை மட்டும் பிரிச்சு எடுத்துடுங்க."

மழைச் சத்தத்தில் முங்கிப்போன வசனத்தைக்கூட ஆரோக்கியம் தனியாக எடுத்துக் கொடுப்பார். வடபழனி முழுக்க அவருக்கு அந்தப் பெயர்.

"பிரிக்க முடியாது சார்," என்றார்.

அவர் கை கீபோர்டைத் தொடவே இல்லை.

டைரக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். தயாரிப்பாளரைத்தான் கூப்பிடுவான்.

கதவு சாத்திக்கொண்டது. ஆரோக்கியம் நிமிர்ந்து கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"முதல் ரீல்லேருந்து போடவா அக்கா? மறுபடி முழுசும் நீங்களே பேசிடுங்க."

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"போடு."