முதல் மணியில் எடுப்பவள்

“இந்த முறையும் முதல் மணியிலேயே எடுப்பீங்க எண்டு போடவா?” என்று கேட்ட புவாத், பதிலுக்குக் காத்திராமல் எழுதத் தொடங்கிவிட்டான்.

“ஐஞ்சாவது மணிக்குள்ள எண்டு போடுங்கோ சேர்,” என்றாள் பாலேஸ்வரி.

பேனை நின்றது.

அது 2009, பங்குனி முடிகிற வாரம். பம்பலப்பிட்டியில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கம்பியூட்டர் கம்பனி இருந்தது. ஒருகொடவத்தை யார்டில் எந்தக் கொள்கலன் பெட்டி எங்கே நிற்கிறது என்று சொல்லும் மென்பொருளை அங்கே எழுதினார்கள். புவாத் மனேஜர். பாலேஸ்வரி போனை விட்டு எழும்பி வரமாட்டாள் என்று தெரிந்து, அவனே கதிரையை இழுத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்திருந்தான்.

ஆட்கள் எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலக்கு வைக்கவேண்டும் என்பது சிங்கப்பூர்த் தலைமையகத்தின் கட்டளை. இலக்கு அளக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ‘மனம் வைத்து வேலை செய்வேன்’ என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது கோயிலில் வைக்கவேண்டிய நேர்த்தி.

அளக்கத் தொடங்கியதால் வந்த வினை கொஞ்சமல்ல.

பிழைகளைக் குறைப்பதாக ஒப்புக்கொண்ட சிவானந்தன் மூன்று மாதமும் ஒரு வரி எழுதவில்லை. ஒரு பிழையும் வரவில்லை. நூறு வீதம்.

நிறைய வரி எழுதுவதாகச் சொன்ன மர்ஸூக், ஒரு வரியில் முடிகிற கணக்கைப் பக்கம் பக்கமாக இழுத்தான். அவனுடைய புரோகிராம் பாணந்துறை பஸ்ஸைப் போல எல்லாத் தரிப்பிலும் நின்று நின்றுதான் போனது. அவனுக்கும் நூறு வீதம்.

உண்மையான இலக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது.

சிஸ்டம் இறுகி நின்றுவிட்டால் யார்டுக்காரர் கூப்பிடுவதற்கென்று ஒரு போன். வாங்குகிற ஏச்செல்லாம் அதன் வழியாகத்தான் வரும் என்பதால், பெற்றவளும் வேண்டாத பிள்ளையைப் போல அது மேசைக்கு மேசை திரிந்தது. வருடம் பிறந்த கையோடு பாலேஸ்வரி தானாக வந்து அதைக் கேட்டு வாங்கினாள். முதல் மணியிலேயே எடுப்பேன் என்று கையெழுத்தும் வைத்தாள்.

எடுத்தாள்.

யார்டுக் கிளார்க் கொன்ஸ்ரன்ஸ் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்த கதை இது: ரிசீவரைத் தூக்கி நம்பரை மனதில் நினைத்தால் போதுமாம், அந்தப் பக்கத்தில் பாலேஸ் “ஹலோ” என்பாளாம். முழுசாக அடிப்பது எப்படி என்று அந்தப் போனுக்கே மறந்துபோய்விட்டது என்று மர்ஸூக் சத்தியம் செய்வான்.

இடக்கையை ரிசீவரில் வைத்துக்கொண்டுதான் அவள் சோறு சாப்பிடுவாள். பொங்கலன்றும் வந்தாள். போயா லீவு நாளிலும் வந்தாள். சிங்கப்பூர்ச் செலவில் அவளுக்காகக் கேக் வெட்டினார்கள். அவளுடைய துண்டை அவள் மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது.

அப்படிப்பட்டவள் இப்போது ஐந்து என்கிறாள்.

“வெளையாடாதீங்க பாலேஸ்,” புவாத் குரலைத் தாழ்த்தினான். “ஒரு கதிரையக் கொறைக்கச் சொல்லி சிங்கப்பூரால வந்தீக்கி. எலக்கு எறங்கின ஆள்தான் போகணும். மத்தவனுகளுக்கு எல்லாம் நூறு வீதம். நான் ஒங்கட கதிரையத்தான் காப்பாத்தப் பாக்கிறேன்.”

“ஓம் சேர்.”

“அப்ப ரெண்டு?” மீன் சந்தையில் நிற்கிறவனைப் போல அவன் பேரம் பேசினான். “சரி, மூணு. அதுக்கு மேல என்னால ஏலாது.”

“ஐஞ்சுக்குள்ள கட்டாயம் எடுப்பன் சேர். அதுக்குக் குறையச் சொன்னால் பொய்யாப் போயிடும்.”

அந்த நேரம் பார்த்து இருவருக்கும் நடுவில் இருந்த போன் அடித்தது.

முழுசாக அடித்தது. அறையில் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. சிவானந்தன் எழும்பியே நின்றுவிட்டான்.

பாலேஸ்வரியின் கைகள் மடியில் கிடந்தன.

மறுபடி அடித்தது.

“போன்,” என்றான் புவாத், அவளுக்குக் கேட்கவில்லையோ என்று.

“யார்டுக்காரர்தான் சேர். எடுக்கிறன்.” அவள் அவசரப்படவில்லை. “இனி இதுக்குக் கூப்பிட எனக்கு வேற ஆரும் இல்லை.”

அவளுடைய தாயும் தங்கச்சிமாரும் சண்டை நடக்கிற வன்னிக்குள்ளே இருந்தார்கள் என்பது புவாத்துக்குத் தெரியும். அந்த வருடம் கொழும்பில் அதற்கு மேல் ஒருவரும் ஒருவரைக் கேட்பதில்லை. கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்து அழைப்பு ஒன்று கிடந்தால், வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி வைத்து விசாரிப்பார்கள். அங்கே யாருடைய போனிலாவது தாய்க்கு ஒரு நிமிடம் கிடைத்தால் கூப்பிட, அவள் வேறு எந்த நம்பரைக் கொடுத்திருப்பாள் என்று அவன் அப்போதுதான் யோசித்தான்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. புவாத்தே எடுத்தான்.

“என்ன சேர் இவ்வளவு நேரம்? நான் பயந்திட்டன்,” என்றாள் மறுமுனையில் கொன்ஸ்ரன்ஸ். “அங்க ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதா?”

புவாத் எதிரே இருந்தவளைப் பார்த்தான்.

பாலேஸ்வரி கையை நீட்டி ரிசீவரை அவனிடமிருந்து வாங்கினாள்.

“சொல்லுங்கோ கொன்ஸ்ரன்ஸ். எந்தப் பெட்டி?”