பகல் பூட்டு

"மேடம், பூட்டை உடைச்சாவது அந்த மனுஷனை வெளிய எடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பொன்மணி கையோடு சுத்தியலும் கொண்டுவந்திருந்தாள்.

தன்யா அதை மெல்ல வாங்கிச் சுவரோரமாக வைத்தாள். மனநல மருத்துவமனையிலிருந்து நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்து வரும் சமூகப் பணியாளர் அவள். போன் போட்டு அவளை வரவழைத்ததே பொன்மணிதான்.

"முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க சேச்சி."

விஷயம் சொல்லப் பொன்மணிக்குக் கசக்குமா?

கொச்சி மட்டாஞ்சேரியில் அந்தச் சந்துக்குள் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொன்மணி வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறாள். பக்கத்து வீட்டில் மாரிச்செல்வமும் அவன் மனைவி இசக்கிசெல்வியும். மாரிச்செல்வத்துக்கு யாரும் பேசாதபோதே காதில் பேச்சுக் கேட்கும். இது சந்துக்கே தெரியும். தெரியாதவர்களுக்குப் பொன்மணி சொல்லியிருந்தாள்.

"ரெண்டு வாரமாப் பாக்குறேன் மேடம். மத்தியானமானா வெளிய பூட்டுத் தொங்குது. புருஷனை உள்ள போட்டுப் பூட்டிட்டு மகாராணி ஊர் சுத்தப் போயிடுறா."

"அவரு உள்ளதான் இருக்காருன்னு எப்படித் தெரியும்?"

"காதை வச்சுக் கேளுங்க."

தன்யா ஜன்னல் பக்கம் காதை வைத்தாள். உள்ளேயிருந்து உறுமல் வந்தது. நின்றது. மறுபடி இன்னும் பலமாக வந்தது.

தன்யாவின் முகம் மாறிவிட்டது.

"பார்த்தீங்களா? கட்டிப்போட்டு வாயில துணி வச்சிருந்தாலும் வச்சிருப்பா," என்றாள் பொன்மணி. சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. பொய் அழுகை இல்லை, மாரிச்செல்வத்தை நினைத்து நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "எத்தனை தடவை வந்து கதவைத் தட்டி விசாரிச்சிருப்பேன்! என்னை விட்டா அவனை விசாரிக்க யாரு இருக்கா?"

தன்யா இசக்கிசெல்வியின் நம்பருக்கு அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

"போனையும் அணைச்சுட்டா! இந்தக் கல்நெஞ்சுக்காரியை நம்பித்தான் மாசாமாசம் மாத்திரை கொடுத்து அனுப்புறீங்க. அவனை எங்கயாவது ஹோம்ல சேருங்க மேடம். இவகிட்ட இருந்தா செத்தே போயிடுவான்."

எதிரே சாயாக் கடை பெஞ்சில் முகம் தெரியாமல் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்த ஆள், பேப்பரைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தான்.

தன்யா பூட்டை இழுத்துப் பார்த்தாள். பிறகு கதவைத் தட்டக் கையை ஓங்கினாள்.

"தட்டாதீங்க! தட்டாதீங்க!"

பேப்பரைப் போட்டுவிட்டு அந்த ஆள் ஓடி வந்தான். சட்டைப் பையிலிருந்து சாவி எட்டிப் பார்த்தது.

"மாரிச்செல்வம்!" என்றாள் தன்யா.

பொன்மணி ஜன்னலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். உள்ளே உறுமல் நிற்கவில்லை.

"நீ இங்க இருந்தா... உள்ள யாருடா?"

"மெதுவாப் பேசுங்கக்கா. இசக்கி தூங்குறா." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "அவ குறட்டை அப்படித்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

போயும் போயும் பொன்மணியிடம் இதைச் சொன்னான்.

"மனைவியை இப்படிப் பூட்டி வைக்கிறது தப்பில்லையா?" தன்யாவின் குரல் தானாகவே தணிந்திருந்தது.

"பின்வாசல் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் மேடம். நினைச்சா அவ வெளிய வரலாம். அவளுக்கு எல்லாம் தெரியும். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது, எழுந்து நடப்பேன். எங்கயாவது போயிருவேனோன்னு அவளும் பின்னாலயே நடப்பா. விடிஞ்சதும் வேலைக்கு ஓடுவா. பகல்ல எனக்குக் கொஞ்சம் பரவால்ல. அதான் மத்தியானம் அவ வந்ததும் படுக்க வச்சுட்டு, கடையில உக்காந்து வாசலைப் பாத்துக்கிறேன்."

"யாரு சொன்னா உங்களை இப்படிச் செய்ய?"

"நீங்கதான் மேடம்."

"நானா?"

"போன மாசம் நோயாளிங்க வீட்டு ஆளுங்களுக்காகக் கூட்டம் வச்சீங்கல்ல? நோயாளியைப் பாத்துக்கிறவங்களுக்கும் ஓய்வு வேணும்னு பேசினீங்க."

"ஆமா. இசக்கிசெல்விகூட வந்திருந்தாங்களே."

"வந்தா. உக்காந்ததும் தூங்கிட்டா. முழுசாக் கேட்டது நான்தான்."

தன்யா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாசாமாசம் அவங்களைப் பாக்குறேன். மாத்திரை கொடுத்தீங்களான்னு கேட்டிருக்கேன். நீங்க தூங்கினீங்களான்னு ஒருநாள்கூடக் கேட்டதில்ல," என்றாள். பிறகு, "நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க. முதல்ல அவங்ககூடத்தான் பேசணும்," என்றாள்.

மாரிச்செல்வம் தலையாட்டினான்.

பொன்மணிக்குத்தான் மனசு ஆறவில்லை. வேலையைப் போட்டுவிட்டு வந்தவள், சுத்தியலோடு வெறுமனே திரும்பிப் போவதா?

"எல்லாம் சரி. அவ தூங்குறதுக்கு எதுக்குடா வெளிய பூட்டு? சும்மா சாத்தி வச்சா ஆகாதா? பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

மாரிச்செல்வம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினான். உள்ளே குறட்டை ஒரு சுற்று போய் வந்தது.

"சாத்தித்தான்க்கா வச்சிருந்தேன். 'உன் புருஷன் இப்ப எப்படி இருக்கான்?'னு நீங்க வந்து வந்து அவளை எழுப்பிட்டீங்க."